கருடனுக்குப் போட்ட மார்க்

1. வேர்க்குரு

வேலைக்குச் சேர்ந்து நான் எடுத்த முதல் கல்யாணத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மார்க் போட்டேன். எண்ணிச் சொன்னவர் ஜமால் பாய். எங்கள் ஸ்டூடியோவுக்கு முதலாளி, எடிட்டர், ஏர்கான் ரிப்பேர்க்காரர் எல்லாம் அவர்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஸ்டூடியோ. என்னைவிட ஆறு வயது சின்னவர் என்பதால் என்னை அக்கா என்பார். திட்டும்போதும் அக்கா போட்டுத்தான் திட்டுவார்.

"என்னக்கா இது? டைம்லைன் பூரா வேர்க்குரு வந்த மாதிரி இருக்கு! மாப்பிள்ளை தும்மினதுக்கு எதுக்குக்கா மார்க்?"

"நல்லாத் தும்மினாரு பாய்."

"நல்லாத் தும்மினாரா? இனிமே மார்க் போடணும்னு தோணுச்சுன்னா, பத்து எண்ணிட்டுப் போடுங்க. பத்து எண்ணியும் தோணுச்சுன்னா போடாதீங்க."

புதிதாகக் கேமரா பிடிக்க வரும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போனில் எடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரியாது. பெரிய வீடியோ கேமராவில் மார்க் என்று ஒரு பொத்தான் உண்டு. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால், அந்த நொடியில் ஓர் அடையாளம் விழும். படம் நிற்காது, சத்தம் வராது, யாருக்கும் தெரியாது. பிறகு எடிட்டர் நான்கு மணி நேர வீடியோவை உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. அடையாளத்திலிருந்து அடையாளத்துக்குத் தாவலாம்.

எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு மார்க். மார்க் ஒன் என்றால் "நல்ல ஷாட்". மார்க் டூ என்றால் "கஸ்டமர் வாய் திறந்து கேட்டது". மார்க் டூவைக் கேமராவின் மேல் கைப்பிடியில் கட்டைவிரலுக்கு அடியில் வைத்திருந்தோம். கண் பார்த்த பிறகுதான் விரல் அழுத்தும் என்பதால், ஜமால் பாய் ஒரு மார்க்குக்குப் பத்து நொடி முன்னாலிருந்து முப்பது நொடி பின்னால் வரை வெட்டி எடுக்கும்படி கம்ப்யூட்டரில் செட் செய்திருந்தார். இந்தப் பத்தையும் முப்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனது அந்த முப்பதில்தான்.

சில வருடங்களில் கட்டைவிரல் தானாகவே வேலை செய்யப் பழகிவிட்டது. எம்.ஆர்.டி. ரயிலில் யாராவது சுவாரசியமாகப் பேசினால் என் விரல் கைப்பையின் பிடியை ஓர் அழுத்து அழுத்தும். "நான் பேசும்போது மட்டும் உன் விரல் அசையவே மாட்டேங்குதே" என்று என் கணவர் குறைப்பட்டுக்கொள்வார். உண்மைதான். மார்க் போடும்படி அவர் எதுவும் பேசியதில்லை.

2. இரண்டு மீசை

தீவின் வடக்கே ஒரு கோயிலில் கும்பாபிஷேகம். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை அங்கே போய் நிற்க முடியாது. நிர்வாகக் குழுத் தலைவர் வைரவன் ஐயா, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். செயலாளர் சதாசிவம் சார், துவாஸ் தொழிற்பேட்டையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். இருவரும் நாற்பது வருட நண்பர்கள். கோயிலில் எந்தச் சுவருக்கு எந்தப் பெயிண்ட் என்பதில் தொடங்கி எல்லாவற்றிலும் சண்டை. இருவருக்கும் மீசை உண்டு. சதாசிவம் சார் மீசை அளவானது. வைரவன் ஐயா மீசைக்கு அளவு கிடையாது.

வேலை பேசப் போன அன்று வைரவன் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"என்ன எடுத்தாலும் எடுக்காட்டியும் பரவாயில்லமா. கருடனை எடுத்துடணும்."

கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் கருடன் வந்து வானத்தில் வட்டமடித்தால்தான் நம் ஆட்களுக்குக் கும்பாபிஷேகம் நடந்த மாதிரி. எடுக்கிறேன் ஐயா என்றேன். பக்கத்து அறையிலிருந்து சதாசிவம் சார் குரல் கொடுத்தார்.

"வந்தாத்தானே எடுக்க? எதிர்ல பாரு, புது பிளாக் கட்டுறான். ரெண்டு கிரேன் நிக்குது. நான் முப்பது வருஷம் கிரேன் மேல உக்காந்தவன் லா. கருடனுக்குக் கூட்டம் ஆகாது, மேளச் சத்தம் ஆகாது. காக்காதான் வரும்."

"வரும்டா."

"காக்கா வந்தாலும் கருடன்னு நீ சொல்லுவே. ப்ளேன் போனாலே நம்மாளுங்க கன்னத்துல போட்டுக்குவாங்க. யாரு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன்."

"வீடியோவுல காட்டினா?"

"போன் வீடியோ செல்லாது. அதுல பறவை ஒரு புள்ளி. கொசுன்னு சொன்னா கொசு. இந்த அம்மா பெரிய கேமராவுல, கழுத்து வெள்ளை தெரியிற மாதிரி காட்டட்டும். என் மீசையை எடுத்துடறேன். இல்லன்னா நீ எடு."

வைரவன் ஐயா மீசையின் இரண்டு நுனியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பஸ்ஸில் ஏறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த மீசையைப் பார்த்துத்தான் ஒழுங்காக உட்கார்ந்தார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. கல்யாணமான மறுவருடம் வைத்தது, அதன் பிறகு ஒரு நாளும் எடுத்ததில்லை.

"சரிடா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உன்னை நம்பித்தான்மா சரின்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"கவலைப்படாதீங்க ஐயா. கருடன் வந்தா மார்க் டூ விழும்" என்றேன். எனக்கு இந்த வாய் எப்போதுமே கொஞ்சம் அதிகம்.

3. காகம், விமானம், பை

கோபுரத்துக்கு எதிரே சாரம் கட்டி, அதன் மேல் எனக்கு இடம். ட்ரைபாடில் கேமரா, பெரிய லென்ஸ், தலைக்கு மேல் குடை. கீழே யாகசாலையை ஜமால் பாய் இரண்டாவது கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார். என் கேமராவின் சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன். அந்த விளக்கு எரிவதைப் பார்த்தால் கூட்டம் கும்பிடுவதை விட்டுவிட்டுத் தலைவாரத் தொடங்கிவிடும். தொழில் தெரிந்தவள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டுதான் அந்த டேப்பை ஒட்டினேன்.

குருக்கள் குடத்தோடு மேலே ஏறியதும் கீழே ஒருவர், "கருடன்! கருடன்!" என்று கத்தினார். கேமராவைத் திருப்பினேன், மார்க் டூ அடித்தேன். காகம். மறுபடியும் கத்தினார்கள், திருப்பினேன், அடித்தேன். சாங்கி ஏர்போர்ட் பக்கம் போகும் விமானம். ஐநூறு பேர் அதைக் கும்பிட்டார்கள். மூன்றாவது முறை உயரத்தில் ஏதோ வெள்ளையாக அழகாக வட்டமடித்தது. எனக்கே புல்லரித்துவிட்டது. மார்க் அடித்த பிறகுதான் அது காய்கறி வாங்கி வந்த பிளாஸ்டிக் பை என்று தெரிந்தது.

மேளம் உச்சத்துக்குப் போனது. குருக்கள் கலசத்தில் ஊற்றினார். கூட்டத்துக்கும் தீர்த்தம் கிடைக்கட்டும் என்று கோபுரத்தின் மேலிருந்து ஒருவர் பம்ப் வைத்துச் சந்தனத் தண்ணீரைப் பீய்ச்சினார். அவருக்கு என்மேல் என்ன பக்தியோ, முதல் பீய்ச்சல் நேராக என் லென்ஸில் அடித்தது.

துடைக்கும் துணி படத்தில் வரக்கூடாதென்று ரெக் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். லென்ஸைத் துடைத்தேன். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில், ரெக் ஓடுவதைக் காட்டும் மூலையில் அப்பியிருந்த சந்தனத்தைத் துடைக்க நேரமில்லை. திரும்ப ரெக் அழுத்தினேன், அவசரத்தில் சரியாக விழுந்ததோ இல்லையோ என்று இன்னொரு தடவையும் அழுத்தினேன்.

அப்போதுதான் அது வந்தது.

கிரேனுக்குப் பின்னாலிருந்து, றெக்கையை ஒரு முறைகூட அடிக்காமல், செம்மண் நிறத்தில் மிதந்து வந்தது. வெள்ளைக் கழுத்து. கோபுரத்துக்கு மேல் ஒரு வட்டம், இரண்டாவது வட்டம். பிறகு, சதாசிவம் சாருக்கென்றே செய்த மாதிரி, கிரேனின் நுனியில் போய் உட்கார்ந்து கோயிலைப் பார்த்தது. ஃபோகஸ் கத்தி மாதிரி இருந்தது. மூன்று முறை மார்க் டூ அடித்தேன். கிராஞ்சித் தொழிலாளர் டார்மிட்டரியிலிருந்து லாரியில் தொண்டுக்கு வந்திருந்த தம்பிகள் அண்ணாந்து பார்த்துக் குதித்தார்கள். வைரவன் ஐயா கோபுர அடியில் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கண்ணில் பாதி சந்தனத் தண்ணீர்.

கருடன் போனதும் ரெக் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். நிறுத்தினேன் என்று நினைத்தேன்.

4. சாம்பார் வாளி

கேமராவை ட்ரைபாடிலிருந்து கழற்றி, மேல் கைப்பிடியில் தொங்கவிட்டபடி ஏணியில் இறங்கினேன். நேராக மதிலுக்கு வெளியே அன்னதானக் கூடாரம். நல்ல செய்தியைச் சொல்ல வேண்டிய ஆள் அங்கேதான் இருந்தார். சதாசிவம் சார் கையில் கரண்டியோடு சாம்பார் வாளிகளுக்குக் காவல் நின்றார்.

"சார், உங்க மீசை போச்சு" என்றேன்.

"சத்தம் போடாதம்மா" என்று என்னை வாளிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். "நானும் பார்த்தேன். கழுத்து வெள்ளை, கருடனேதான். கரண்டியோட கன்னத்துல போட்டுக்கிட்டேன், பாரு."

உண்மைதான், கன்னத்தில் ஒரு கத்திரிக்காய்த் துண்டு ஒட்டியிருந்தது.

"அப்ப ஒத்துக்குங்க."

"அது எப்படி? வீடியோ வரட்டும். அதுவரைக்கும் நான் பார்க்கலை."

அவர் முகம் பாவமாக இருந்தது. ஜெயித்த தெம்பில் எனக்கும் மனசு இளகிவிட்டது. அவருக்கு ஆறுதலாக நானும் சில வார்த்தைகள் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போதைக்கு வேண்டாம். பிறகு இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

5. தட்டில் ரேசர்

மறுநாள் மதியமே கருடனைக் காட்டியாக வேண்டும் என்று குழு சொல்லிவிட்டது. எடிட் செய்ய நேரமில்லை. ஜமால் பாய் கம்ப்யூட்டரிடம் மார்க் டூவை மட்டும் வரிசையாகக் கோக்கச் சொல்லி, பார்க்காமலே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மார்க் விஷயத்தில் அதற்குள் என்மேல் அவ்வளவு நம்பிக்கை வந்திருந்தது.

கோயில் மதிலுக்கு வெளியே இருந்த அலுவலகத்தில் பெரிய டிவி. பதினைந்து பேர். வைரவன் ஐயாவின் மனைவி தனம் அக்கா எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். சதாசிவம் சார் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, நடுவில் புது ரேசரும் ஷேவிங் ஃபோமும் வைத்திருந்தார். எது நடந்தாலும் மரியாதையாக நடக்கட்டும் என்றார்.

முதல் மார்க். காகம்.

"ஆகா, கருடன் கறுத்துப் போச்சே" என்றார் சதாசிவம் சார்.

இரண்டாவது மார்க். விமானம். சிரிப்பு. மூன்றாவது மார்க். பை மிதந்தது. பச்சை எழுத்தில் கடைப் பெயர்கூடப் படிக்க முடிந்தது, அவ்வளவு நல்ல ஃபோகஸ்.

"இனிமேதான் ஐயா" என்றேன்.

அந்த ரெக்கார்டிங் அதோடு முடிந்து திரை கறுப்பானது. அதற்குப் பிறகு நான்கு, ஐந்து, ஆறு என்று வரவேண்டிய மார்க்குகள் வரவில்லை. ஜமால் பாய் என் காதருகே குனிந்தார்.

"அக்கா, கருடன் எங்க?"

அந்த நொடியில் ரெக் பொத்தானை இரண்டு தடவை அழுத்தியது ஞாபகம் வந்தது. முதல் அழுத்தில் ஓடியிருக்கிறது, இரண்டாவதில் நின்றிருக்கிறது. ஓடாத கேமராவில் மார்க் விழாது. சிவப்பு விளக்கின் மேல் நானே ஒட்டிய டேப். வியூஃபைண்டரில் சந்தனம். வாழ்க்கையில் நான் எடுத்த மிக அழகான ஷாட்டை நான் எடுக்கவே இல்லை.

"ஸ்டாண்ட்பைல போச்சு பாய்" என்றேன். எல்லாரிடமும் எழுந்து நின்று சொன்னேன். சாக்குச் சொல்லவில்லை. என் தப்பு ஐயா, மன்னிச்சிடுங்க என்றேன்.

நாலைந்து பேர் போனை எடுத்து நீட்டினார்கள். சதாசிவம் சார் ஒவ்வொன்றாக வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "தூசி லா. இது தூசி. இது கொஞ்சம் பெரிய தூசி."

வைரவன் ஐயா என்னைத் திட்டவில்லை. தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் விரல் மீசை நுனிக்குப் போனதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"சதாசிவம் சார், நீங்களே பார்த்தேன்னு சொன்னீங்களே! சாம்பார் வாளிக்குப் பின்னால!"

"யாரு? நானா?" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். "கேமராவையே ஆன் பண்ணத் தெரியாத அம்மா, என் வாயை ஆன் பண்ணப் பார்க்குது. ஆதாரம் இருக்கா?"

இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன். வைரவன் ஐயா ஃபோமை உள்ளங்கையில் பிதுக்கிக்கொண்டார்.

"இருங்க ஐயா" என்றார் ஜமால் பாய். "கறுப்புக்குப் பின்னால லிஸ்ட்ல இன்னும் ஒரு மார்க் இருக்கு."

எனக்குப் புரியவில்லை. கருடனுக்குப் பிறகு நான் எதையும் எடுக்கவில்லையே?

அவர் தட்டினார். டிவி முழுக்க ஒரு கால். என் கால். தேய்ந்துபோன என் நீலச் செருப்பு. பக்கத்தில் ஒரு சாம்பார் வாளி, அதற்கும் பக்கத்தில் வேட்டி மடித்துக் கட்டிய இன்னொரு ஜோடிக் கால். எல்லாம் பக்கவாட்டில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் சதாசிவம் சாரின் குரல், ஸ்டூடியோவில் ரெக்கார்ட் செய்த மாதிரி துல்லியமாக வந்தது.

"நானும் பார்த்தேன். கழுத்து வெள்ளை, கருடனேதான். கரண்டியோட கன்னத்துல போட்டுக்கிட்டேன், பாரு."

நிறுத்துவதாக நினைத்து அழுத்தியபோது ஓடத் தொடங்கியிருக்கிறது. சுவாரசியமான பேச்சைக் கேட்டதும் என் கட்டைவிரல் தன் பாட்டுக்கு மார்க் டூ அடித்திருக்கிறது. கஸ்டமர் வாய் திறந்து சொன்னதுதானே!

அறையில் எழுந்த சத்தத்தில் வெளியே படுத்திருந்த பூனை ஓடிவிட்டது. வைரவன் ஐயா ஃபோம் கையோடு ஜமால் பாயைக் கட்டிப்பிடித்தார். சதாசிவம் சார் தலையில் கைவைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தானும் சிரித்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

யாரும் டிவியை நிறுத்தவில்லை. முப்பது நொடி இன்னும் பாக்கி இருந்தது. கூட்டத்தின் சிரிப்பு கொஞ்சம் ஓய்ந்த நேரம் பார்த்து என் குரல் கணீரென்று வந்தது.

"விடுங்க சார். உங்களுக்கு மீசை இல்லாட்டி ஒண்ணும் குறைஞ்சிடாது. உண்மையச் சொல்லணும்னா, எடுக்க வேண்டியது வைரவன் ஐயா மீசையைத்தான். செருப்புத் துடைக்கிற பிரஷ்ஷை மூக்குக்குக் கீழ ஒட்டிவச்ச மாதிரி இருக்கு. க்ளோஸ்-அப்ல நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். அதுல நேத்து தின்ன வடைகூட இருக்கு."

திரையில் என் செருப்பு மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

ஜமால் பாய் லேப்டாப்பை மூடினார், ஆனால் சொன்னதெல்லாம் சொல்லி முடித்தாகிவிட்டது. நான் என் கால்களையே பார்த்தேன். அதே நீலச் செருப்பு.

வைரவன் ஐயா திரும்பித் தனம் அக்காவைப் பார்த்தார். "அப்படியா இருக்கு?"

தனம் அக்கா தேத்தண்ணீர்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தார். "கல்யாணமான மறு வருஷத்துலேருந்து சொல்றேன். நான் சொன்னா கேட்டீங்களா? மார்க் போட்டுச் சொன்னாத்தான் கேப்பீங்க போல."

வைரவன் ஐயா, உள்ளங்கையில் ஏற்கெனவே பிதுக்கிய ஃபோம் வீணாகக் கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, பாதியைச் சதாசிவம் சார் மூக்குக்குக் கீழே பூசினார், மீதியைத் தன் மூக்குக்குக் கீழே பூசிக்கொண்டார்.

"வாடா" என்றார். இருவரும் ஒரே ரேசரோடு கை கழுவும் இடத்துக்குப் போனார்கள். அங்கேயும் யார் முதலில் என்று சண்டை போட்ட சத்தம் கேட்டது.

6. கடைசியாக

கும்பாபிஷேக ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் இருக்கிறது. அதை எடுத்தது நான்தான். எடுக்கும் முன் வைரவன் ஐயா, "இப்ப நல்லா இருக்காமா?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்கீங்க ஐயா, பத்து வயசு குறைஞ்ச மாதிரி" என்றேன். கருடன் இல்லாத அந்த வீடியோவைக் கோயிலில் இன்றைக்கும் திருவிழாவுக்குத் திருவிழா போடுகிறார்கள். என் செருப்பு வரும் இடத்தில் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.

கேமரா பிடிக்க வரும் தம்பி தங்கைகளே, இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது மூன்று விஷயம். மார்க் போடும் முன் ரெக் ஓடுகிறதா என்று பாருங்கள். வாயைத் திறக்கும் முன் ரெக் நின்றுவிட்டதா என்று பாருங்கள். சிவப்பு விளக்கின் மேல் டேப் ஒட்டாதீர்கள். நான் அன்று சாயங்காலமே உரித்துப் போட்டுவிட்டேன்.

இதை எழுதும்போதுகூடக் கேமரா மேசை மேல்தான் இருக்கிறது. இப்போது ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன். விளக்கு எரியவில்லை. தொட்டும் பார்த்துவிட்டேன், பேட்டரியே இல்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: மீசை இல்லாமல் இரண்டு பேரையும் பார்க்கச் சகிக்கவில்லை.